'நல்லா ஆடுறான், பாடிதான் இல்லை'

(வாசகர் கேள்விக்கு விளையாட்டு மருத்துவரின் பதில்)

வடசென்னையிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். மகனுக்கு 13 வயது 4 மாதம், நவம்பரில் பிறந்தவன். ஏழு வயதிலிருந்து ஃபுட்பால் ஆடுகிறான், இடம் மிட்ஃபீல்டு. பந்து காலோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஏரியாவில் பெயர். பந்தைத் தரையில் விடாமல் காலால் தட்டிக்கொண்டே இருக்கும் ஜக்ளிங்கை நிற்காமல் 300 அடிப்பான். உயரம் 143 செ.மீ., எடை 34 கிலோ.

இந்த வருஷம் அகாடமியில் அவனை 'ஏ' அணியிலிருந்து 'பி' அணிக்கு இறக்கிவிட்டார்கள். "நல்லா ஆடுறான், பாடிதான் இல்லை. இடிச்சா விழுந்துடறான், செகண்ட் ஹாஃப்ல காணாமப் போயிடறான்" என்றாராம் கோச். அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஜிம் நடத்தும் உறவினர் புரோட்டீன் பவுடரும் உயரம் கூட்டும் மாத்திரையும் வாங்கச் சொல்கிறார். மெஸ்ஸிக்குப் போட்ட ஊசியை இவனுக்கும் போடலாமா என்று தாய் கேட்கிறார். பர்த் சர்டிஃபிகேட்டில் இரண்டு வருஷத்தைக் குறைத்துவிட்டால் சின்னப் பையன்களோடு ஆடித் தப்பித்துவிடுவான் என்று ஒருவர் சொல்ல, கணவருக்கு அதில் பாதி மனசு. இதற்கிடையில் பையனுக்குக் குதிகால் வலி வேறு. "திறமை இருந்தால் போதாதா டாக்டர்? உடம்புதான் முக்கியம் என்றால் இத்தனை வருஷம் பந்தோடு பழகியது வீணா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகனைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு வைப்பதாக. அதன் அளவுகளையும் கொடுத்திருக்கிறீர்கள். இந்தப் பதிலில் பாதி அந்தக் கோடுகளிலிருந்து வருவது.

கதவு நிலை சொல்லும் கணக்கு

11-ம் பிறந்தநாளில் 132 செ.மீ., 12-ல் 137, 13-ல் 141.5, இன்று 143. வருஷத்துக்கு நாலரை முதல் ஐந்து செ.மீ. பருவ வளர்ச்சி இன்னும் பிடிக்காத பையன் வளர்கிற வேகம் இதுதான். பையன்கள் 'மளமளவென்று' வளரும் கட்டம் சராசரியாக 13, 14 வயதில் உச்சத்துக்கு வரும். அப்போது வருஷத்துக்கு 8 முதல் 10 செ.மீ. கூடும். சிலருக்கு இது 12-லேயே வந்துவிடும், சிலருக்கு 15 தாண்டும். இந்த வயதில் ஒரே வகுப்புப் பையன்கள் இருவரின் உடல் முதிர்ச்சியில் நாலு வருஷ வித்தியாசம்கூட இருக்கலாம். மீசை அரும்பிய பையனும் உங்கள் மகனும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள், அவ்வளவுதான்.

அவன் கடைசியில் எவ்வளவு உயரம் வருவான்? தோராயமாகப் பார்க்க ஒரு பழைய கணக்கு உண்டு. அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் கணவர் 168, நீங்கள் 155. விடை 168 செ.மீ. இதற்கு எட்டு செ.மீ. முன்பின் வரலாம். 168-ஐ வைத்துப் பார்த்தால், இப்போதைய 143 என்பது அவனுடைய முழு உயரத்தில் 85 சதவீதம். வேகமான வளர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் 90 சதவீதத்தை ஒட்டி வரும். அதாவது அவன் 151 செ.மீ.யைத் தொடும் சமயம். பத்தாவது முடித்த பிறகுதான் கணவருடைய பேன்ட்டெல்லாம் கட்டையாகிப் போனதாக மாமியார் சொல்வார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாமதமாக வளர்வது குடும்பத்தில் வருவது. உங்கள் மகனுக்கு வளர்ச்சி குறைவு என்று சொல்ல இதுவரை ஒரு காரணமும் இல்லை. அவனுடைய முறை இன்னும் வரவில்லை.

இதன் மேல் நவம்பர் வேறு. வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவன் இவனைவிடப் பத்து மாதம் மூத்தவனாக இருந்தும் ஒரே பிரிவுதான். பல நாடுகளின் இளையோர் அணிகளில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அதிகமாகவும் கடைசியில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பதை 1980-களிலிருந்தே ஆய்வாளர்கள் காட்டி வருகிறார்கள். தேர்வாளர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. பெரிய பையன் கண்ணில் படுகிறான்.

திறமை என்று எதைச் சொல்கிறோம்

இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனி கொஞ்சம் கோச் பக்கம். 300 ஜக்ளிங் பந்தோடு பழக்கம் இருப்பதைக் காட்டும். ஆட்டத் திறமையைக் காட்டாது. ஜக்ளிங் செய்யும்போது யாரும் வந்து நெருக்குவதில்லை. ஆள் மேலே வரும்போது முதல் டச், அதாவது வந்த பந்தை முதலில் தொடும் தொடுதல், எங்கே போய் விழுகிறது, பந்து வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் மனசில் இருக்கிறதா, இடது காலாலும் அதைச் செய்ய முடிகிறதா என்பதுதான் மைதானத்தில் திறமை.

"இடிச்சா விழுந்துடறான்" என்பதை நீங்கள் உடம்புக் குறையாக மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த மேட்ச்சை போனில் எடுத்து, அவனுக்குப் பந்து வந்த முதல் 20 தடவைகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று கேள்வி. பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்த்தானா? பாதி பக்கவாட்டில் நின்று வாங்கினானா, இல்லை எதிராளிக்கு முழு முதுகைக் காட்டி நின்றானா? முதல் டச் காலுக்கடியிலேயே நின்றதா, காலி இடத்துக்குப் போனதா? முதுகு காட்டி, காலடியில் பந்தை நிறுத்துகிற சின்னப் பையனைப் பெரியவன் ஒவ்வொரு தடவையும் பிடித்துவிடுவான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பந்தை ஓரடி தள்ளி எடுத்துக்கொண்டு போகிறவனை இடிக்கவே நேரம் கிடைக்காது. 20-ல் 12, 13 தடவை அவன் பார்க்காமலே வாங்கியிருந்தால் பிரச்சினை எடையில் இல்லை.

அதற்குப் பயிற்சி வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. சுவரிலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்று, ஒரு காலால் நிறுத்தி மறு காலால் அடிக்க வேண்டும். பந்து சுவரில் பட்டுத் திரும்பும் நொடியில் பின்னால் நிற்கும் தங்கையோ தம்பியோ விரல் காட்ட, திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்க வேண்டும். தினமும் 10 நிமிஷம், பாதி நேரம் இடது கால். நண்பர்கள் சேர்ந்தால் எட்டு மீட்டர் சதுரத்தில் நாலு பேர் சுற்றி நின்று பாஸ் செய்ய, நடுவில் இரண்டு பேர் பிடுங்கும் ஆட்டம். இரண்டு டச்சுக்கு மேல் கூடாது. டர்ஃப் என்கிற வாடகைச் செயற்கைப்புல் மைதானத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடுவதைவிட இது மேல்.

கையைப் பயன்படுத்தவும் கோச்சிடம் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பந்துக்கும் எதிராளிக்கும் நடுவில் இடுப்பை வைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, முன்கையால் ஆள் எங்கே என்று உணர்வது. தள்ளினால் ஃபவுல், உணர்வது ஆட்டம். எடை குறைந்தவனுக்குத் தாழ்ந்து நிற்பதே பலம்.

திறமை மட்டும் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு நேர் பதில்: போதாது. பெரியவர்கள் ஆட்டத்தில் வேகம், உடல் உறுதி, திரும்பத் திரும்ப ஓடும் தெம்பு எல்லாம் வேண்டும். ஆனால் இரண்டையும் சேர்க்கும் வரிசை முக்கியம். காலின் நுணுக்கமும் பார்வையும் இந்த வயதில் வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம். பலம் 16, 17-லும் தாராளமாக வரும். 12 வயதிலேயே வளர்ந்துவிட்ட பையன் ஓடியே எல்லாரையும் தாண்டிவிடுவதால், தாண்டும் வித்தையைக் கற்காமல் போவதும் நடக்கிறது. மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்ததும் அவன் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பிரான்ஸின் ஆன்துவான் கிரீஸ்மனைச் சிறிய உடல் என்று சொந்த நாட்டு கிளப்புகள் பல திருப்பி அனுப்பின. ஸ்பெயினின் ரியல் சொசியதாத் எடுத்துக்கொண்டது. 2018-ல் உலகக் கோப்பையை வென்றார். இங்கிலாந்தின் ஜேமி வார்டி 16 வயதில் சின்னவன் என்று கிளப்பிலிருந்து அனுப்பப்பட்டவர். இந்தக் கதைகளை மகனிடம் சொல்லுங்கள், நீங்கள் ரொம்ப நம்பிவிடாதீர்கள். அதே மாதிரி அனுப்பப்பட்டு, பிறகு எங்கும் சேராமல் போன பையன்களின் பெயர் நமக்குத் தெரியாது. கோல்கீப்பருக்கும் சென்டர் பேக்குக்கும் உயரம் உண்மையிலேயே வேண்டும். மிட்ஃபீல்டில் 168 ஒரு தடையே இல்லை. இந்திய அணியின் கேப்டனாக இருந்து முன்களத்தில் ஆடிய சுனில் சேத்ரியின் உயரமே 170 செ.மீ.தான்.

உடம்புக்கு என்ன செய்வது

இந்த வயதில் பலப் பயிற்சி செய்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது தவறான பயம். முறையாகச் செய்தால் நல்லது. ஜிம் வேண்டாம் என்று நான் சொல்வது, அங்கே பக்கத்தில் நின்று நிலையைத் திருத்த ஆள் இருக்காது என்பதால்தான். வாரத்துக்கு இரண்டு நாள், 25 நிமிஷம், தன் உடல் எடையே போதும். ஸ்குவாட், தண்டால், பிளாங்க், ஒற்றைக்காலில் நின்று முன்னால் குனிவது, ஒரு படியிலிருந்து குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் சத்தமில்லாமல் இறங்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. நிலை கலைந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். வேகத்துக்கு 10 மீட்டர் ஓட்டம் ஆறு தடவை, நடுவில் ஒரு நிமிஷம் முழு ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் அது வேகப் பயிற்சியாக இருக்காது, மூச்சு வாங்குவதாகிவிடும். ஸ்டாமினாவுக்கு என்று மெரினாவில் ஐந்து கிலோமீட்டர் ஓடவிடாதீர்கள். நாலுக்கு நாலு ஆட்டம், நாலு நிமிஷம் ஆடி இரண்டு நிமிஷம் ஓய்வு என்று நாலு சுற்று ஆடட்டும். பந்தும் காலில் இருக்கும், மூச்சும் கூடும்.

இரண்டாம் பாதியில் காணாமல் போவதற்கு வேறு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காலை ஐந்தரைக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கிளம்புகிறான். இரவு தூங்கப் பதினொன்று ஆகிறது. ஆறு மணி நேரத் தூக்கத்தில் எந்தப் பையனும் 60 நிமிஷம் ஓட மாட்டான். 13 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை உருண்டையும், முடிந்ததும் இட்லியோடு முட்டை. சோர்வு தொடர்ந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதுப் பையனுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பாடி இல்லை என்று பேர் வாங்கும் சில பையன்களுக்கு உண்மையில் இல்லாதது இரும்புச்சத்துதான்.

பவுடர், மாத்திரை, ஊசி

34 கிலோ பையனுக்கு, கிலோவுக்கு ஒன்றரை கிராம் வீதம் ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12, 400 மி.லி. பாலில் 13, ஐம்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, ஒரு கைப்பிடி மீன் அல்லது கோழியில் 15-க்கு மேல். கணக்கு முடிந்துவிட்டது, சாம்பாரையும் இட்லியையும் நான் சேர்க்கவே இல்லை. நெத்திலி கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு டப்பாவுக்குச் செலவழிக்க வேண்டாம். தவிர, ஜிம் பவுடர்களில் லேபிளில் இல்லாத பொருள் கலந்திருந்து, ஊக்கமருந்துச் சோதனையில் ஆட்டக்காரர்கள் மாட்டியிருக்கிறார்கள். உயரம் கூட்டும் மாத்திரை என்று கடையில் விற்பது எதுவும் உயரத்தைக் கூட்டாது.

மெஸ்ஸிக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருப்பது சோதனையில் உறுதியானது. அதற்கான சிகிச்சை அவருக்குக் கொடுத்த ஊசி. குறைபாடு இல்லாத பையனுக்கு அது மருந்தல்ல. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலிலும் அது இருக்கிறது. எப்போது குழந்தை ஹார்மோன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்? வருஷத்துக்கு 4 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்தால், 14 முடிந்தும் பருவ அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், தலைவலி, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடை இறக்கம் இருந்தால். அப்போது அவர்கள் முதலில் கேட்பது இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பின் வயதை அது காட்டும். எலும்பு வயது பிறந்த வயதைவிடப் பின்தங்கியிருந்தால், வளர இன்னும் காலம் இருக்கிறது என்று அர்த்தம்.

சர்டிஃபிகேட்டைத் தொடாதீர்கள்

அதே இடது கை எக்ஸ்ரேதான் வயது மோசடியைப் பிடிக்கவும் பயன்படுகிறது. உங்கள் மகன் விஷயத்தில் எலும்பு பின்தங்கி இருக்க வாய்ப்புண்டு என்பதால், அவன் அந்தச் சோதனையில் தேறிவிடவும் கூடும். யோசனை சொன்னவர் இதைத்தான் நினைத்திருப்பார். ஆனால் மாட்டிவிடுவது எலும்பு இல்லை, காகிதம். பள்ளிப் பதிவேடு, ஆதார், பழைய டோர்னமென்ட் பதிவு எல்லாவற்றிலும் ஒரு தேதி இருக்க, சர்டிஃபிகேட்டில் மட்டும் வேறு தேதி இருந்தால், தோற்ற அணியின் ஒரு அப்பா புகார் கொடுத்தால் போதும். விளையாட்டில் வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறைப்படி முதல் தடவைக்கு இரண்டு வருஷத் தடை, மறுபடி மாட்டினால் ஆயுள் தடை. 14 வயதில் இரண்டு வருஷம் போனால், கால் கற்றுக்கொள்ளும் காலமே போய்விடும். தேதியைத் திருத்திய பெற்றோர் மீது வழக்கும் வரலாம். கணவரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

நியாயமான வழி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக் அகாடமிகளில் சில போட்டிகளைப் பிறந்த தேதியை விட்டுவிட்டு, முழு உயரத்தில் எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று பார்த்து, 85 முதல் 90 வரை ஒரு குழு என்று பிரித்து நடத்தியிருக்கிறார்கள். சின்னப் பையன் தன் வித்தையைக் காட்ட இடம் கிடைக்கிறது. பெரிய பையன் பலத்தை நம்பாமல் யோசிக்க வேண்டி வருகிறது. அதிகாரபூர்வப் போட்டியில் இது நடக்காது. பயிற்சியில் தாராளமாகச் செய்யலாம்.

கோச்சிடம் பேசும்போது

"ஏன் சார் இறக்கினீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். கதவு நிலைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு வயது குறைந்த குழுவோடு பயிற்சி ஆட முடியுமா, மேட்ச்சில் எத்தனை நிமிஷம் இறக்குவீர்கள், எந்த இடத்தில் என்று கேளுங்கள். என் கணிப்பில், 'ஏ' அணியின் பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆடுவதைவிட 'பி' அணியில் முழு ஆட்டம், அதுவும் நடுவில், பல மடங்கு மேல். இறக்கிவிட்டார்கள் என்ற வருத்தத்தில் இதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். 'பி' அணியில் அவனை ஒதுக்குப்புறமாக விங்கில் தள்ளி, மேட்ச்சும் கொடுக்காமல் ஃபீஸ் மட்டும் வாங்கினால், அப்போது வேறு அகாடமி பாருங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வளர்ச்சி பிடித்த பிறகு சில மாதம் பையன் தடுமாறுவான். கால் நீண்டுவிடும், மூளை பழைய நீளத்தையே கணக்கு வைத்திருக்கும். டச் கனமாகும், பாஸ் தவறும். அதை 'ஃபார்ம் போச்சு' என்று எடுத்துக்கொண்டு மறுபடி இறக்கிவிடக் கூடாது. காயம் அதிகமாக வருவதும் அந்த மாதங்களில்தான். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் கூடினால், குதிப்பதையும் முழு வேக ஓட்டத்தையும் குறைத்துவிட்டுப் பந்துப் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள்.

குதிகால் வலிக்கு வருகிறேன். குதிகாலின் பின்பக்கத்தை இரு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்து, ஆடியபின் கூடி, ஓய்வில் குறைந்தால், அநேகமாக அது குதிகால் வளர்ச்சித் தட்டின் எரிச்சல். இந்த வயதில் ஓடும் பிள்ளைகளுக்கு வருவது, தானே அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். ஆடியபின் துணி சுற்றிய ஐஸ் 10 நிமிஷம். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி தினமும். ஷூவுக்குள் குதிகால் பேட். இறுகிய மண் தரையில் அடியில் நீளக் குமிழ் வைத்த ஸ்டட்ஸ் ஷூ போட்டு ஓடுவது இதை நன்றாகக் கிளப்பிவிடும். பயிற்சிக்குச் சின்னக் குமிழ் அடிப்பாகம் உள்ள டர்ஃப் ஷூ வாங்குங்கள். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். நொண்டினால் ஆட்டம் கிடையாது. இரவில் வலித்து எழுந்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோடு போட இனி பிறந்தநாள் வரை காத்திருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுங்கள். செருப்பில்லாமல், குதிகால் நிலையைத் தொட, தலைமேல் ஒரு கெட்டி அட்டை நோட்டை மட்டமாக வைத்து. எப்போதும் காலையில் எழுந்தவுடன். சாயங்காலத்தில் எல்லாருமே ஒரு செ.மீ. வரை குட்டையாகிவிடுகிறோம்.